ஏணை வரை வருகிற மொழி

பிறந்து ஒன்றரை நாள் ஆன பிள்ளையிடம் "உனக்கு எந்த மொழி பழக்கம்?" என்று கேட்டுப் பதிலும் வாங்கலாம். பிள்ளையின் வாயில் ஒரு சூப்பியைக் கொடுக்கவேண்டும். அந்தச் சூப்பிக்குள் அழுத்தத்தை அளக்கும் கருவி ஒன்று இருக்கும். பிள்ளை சூப்பினால் காதில் ஓர் உயிரொலி கேட்கும். சூப்பாமல் இருந்தால் ஒலியும் இல்லை. கேட்பது புதிதாக இருந்தால் பிள்ளை கூடுதலாகச் சூப்பும். ஏற்கனவே கேட்டுப் பழகிய ஒலி என்றால் அவ்வளவு மினக்கெடாது.

கிறிஸ்டின் மூன், ஹியூகோ லாகர்கிரான்ட்ஸ், பட்ரீசியா கூல் ஆகிய மூவரும் இந்த முறையில் செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. சுவீடனின் ஸ்டொக்ஹோமில் 40 பிள்ளைகள், அமெரிக்காவின் டகோமாவில் 40 பிள்ளைகள். இவர்களுடைய வயதை மணித்தியாலத்தில்தான் சொல்லவேண்டும். சராசரி ஏறக்குறைய 33 மணித்தியாலம். கேட்கவைத்தவை இரண்டு உயிரொலிகள். ஒன்று ஆங்கிலத்தின் 'ஈ'. மற்றது சுவீடிஷ் மொழியில் உள்ள ஒன்று. தமிழில் அதற்கு எழுத்துக் கிடையாது. நாக்கை 'ஈ' சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு உதட்டை மட்டும் 'ஊ' சொல்வதுபோலக் குவித்துப் பாருங்கள், வரும். சுவீடன் பிள்ளைகள் ஆங்கில 'ஈ'க்குக் கூடுதலாகச் சூப்பினார்கள். அமெரிக்கப் பிள்ளைகள் அந்தக் குவிந்த சுவீடிஷ் ஒலிக்குக் கூடுதலாகச் சூப்பினார்கள். பிறந்து சில மணித்தியாலம் ஆன பிள்ளைக்கும் மூன்று நாள் ஆன பிள்ளைக்கும் இதில் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே இந்தப் பழக்கம் மகப்பேற்று விடுதியில் வந்ததல்ல, வயிற்றுக்குள்ளேயே வந்தது.

கர்ப்பத்தின் ஆறாம் மாதம் தாண்டும்போது சிசுவின் காது வேலைசெய்யத் தொடங்குகிறது. வெளியார் பேச்சு வயிற்றுச் சுவரையும் நீரையும் கடந்து வரும்போது மங்கிப்போகும். தாயின் குரலோ உள்ளிருந்தே, எலும்பு வழியாகவும் தசை வழியாகவும் போய்ச் சேரும். இருந்தாலும் முழுதாகப் போவதில்லை. உயர்ந்த அதிர்வெண்கள் வடிகட்டப்பட்டுவிடும். அடுத்த வீட்டுச் சண்டையைச் சுவருக்கு இப்பால் நின்று கேட்பது மாதிரி: யார் கோபமாய் இருக்கிறார்கள், யார் கெஞ்சுகிறார்கள் என்பது தெரியும், என்ன சொன்னார்கள் என்பது பிடிபடாது. ச, த, க போன்ற மெய்கள் பெரும்பாலும் கரைந்துவிட, உயிரொலிகளும் ஏற்ற இறக்கமும் தாளமும் மிஞ்சும். பிள்ளை முதலில் படிப்பது மொழியின் ராகத்தை.

படித்ததை உடனே பாடியும் காட்டுகிறது. பிரெஞ்சுத் தாய்மாரின் பிள்ளைகள் அழும்போது குரல் ஏறிச் செல்வதும், ஜேர்மன் தாய்மாரின் பிள்ளைகள் அழும்போது மேலிருந்து இறங்குவதும் 2009இல் பதிவுசெய்யப்பட்டன. அந்தந்த மொழியின் பேச்சும் அப்படித்தான் போகும். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு சுவீடன் பிள்ளைகளையும் ஜேர்மன் பிள்ளைகளையும் ஒப்பிட்டார்கள். சுவீடிஷ் கொஞ்சம் பாட்டுப் போன்ற மொழி. ஒரே எழுத்துக்களை ஒரு மெட்டில் சொன்னால் வாத்து, இன்னொரு மெட்டில் சொன்னால் ஆவி. எதிர்பார்த்தபடியே சுவீடன் பிள்ளைகளின் அழுகையில் ஏற்ற இறக்கங்கள் சிக்கலாக இருந்தன. நடுச்சாமத்தில் எழுப்பிவிடும் அந்த வீறிடலைத் தாய்மொழிப் பயிற்சி என்று எண்ணிக்கொண்டால் பெற்றோருக்குச் சற்று ஆறுதல்.

இந்தச் சோதனைகளை வாசித்த நாளிலிருந்து எனக்குத் திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள வீடுகள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. சுவீடன் ஆய்வாளர்களுக்குப் பிள்ளை எந்த மொழி வீட்டைச் சேர்ந்தது என்பதில் ஐயமே இருந்திருக்காது. இங்கே அப்படியில்லை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூன்று சமூகத்தவரும் பெருந்தொகையாக வாழ்ந்தும் எவருமே பாதியைத் தாண்டாத மாவட்டம் இது. மூதூருக்குப் படகு ஏறும் இறங்குதுறையில் கிண்ணியாத் தமிழும் திருகோணமலைத் தமிழும் வேறுவேறாகக் காதில் விழும். பஸ் நிலையத்தில் கொண்டக்டர்மார் சிங்களத்தில் கூவுவார்கள். கடற்படைத் தளம் ஒரு பக்கம், ஆங்கிலம் கதைக்கும் சுற்றுலாக்காரர் நிலாவெளிப் பக்கம். கர்ப்பிணி ஒருத்தி சந்தைக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் வயிற்றுப் பிள்ளையைச் சுற்றி மூன்று மொழி நடமாடிவிடுகிறது. ஆனால் உள்ளே தெளிவாகப் போவது ஒன்றே ஒன்றுதான்: மீன்காரருடன் விலை பேசுகிற அவளுடைய சொந்தக் குரல். ஊரில் ஒலிக்கிற மொழி வேறு, பிள்ளையை வந்து தொடுகிற மொழி வேறு. இந்தக் கட்டுரை முழுவதும் இந்த வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

தாயே இரண்டு மொழி கதைப்பவள் என்றால்? கனடாவின் வான்கூவரில் கிறிஸ்டா பையர்ஸ்-ஹைன்லைனும் ஜனட் வேர்க்கரும் மற்றொருவரும் இதைப் பார்த்தார்கள். கர்ப்பகாலம் முழுக்க ஆங்கிலமும் பிலிப்பைன்ஸின் தகாலொக் மொழியும் மாறிமாறிக் கதைத்த தாய்மாரின் பிள்ளைகள் அவர்களுக்குக் கிடைத்தார்கள். ஆங்கிலம் மட்டும் கேட்டுப் பிறந்த பிள்ளைகள் ஆங்கிலத்துக்குத்தான் ஆவலாகச் சூப்பினார்கள். இரண்டையும் கேட்டுப் பிறந்தவர்கள் இரண்டையும் ஒரேயளவு விரும்பினார்கள். அப்படியானால் இரண்டையும் ஒரே மொழி என்று நினைத்துவிட்டார்களோ? இல்லை. ஒன்று கேட்டுச் சலித்தபிறகு மற்றதுக்கு மாற்றியதும் கவனித்துக்கொண்டார்கள். இரண்டும் தமக்குரியவை, இரண்டும் வேறு என்கிற அறிவோடுதான் அந்தப் பிள்ளைகள் பிறக்கிறார்கள். பெரியவர்கள் பலர் இதை இன்னும் நம்பத் தயாரில்லை.

பிறந்த பிறகு முதல் ஆறு மாதம் பிள்ளையின் காது உலகத்துக்கே பொதுவானது. ஜனட் வேர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் வெளியிட்ட சோதனை எங்களுக்கு நன்றாகப் புரியும், ஏனென்றால் அதில் வருவது 'த'வும் 'ட'வும். ஹிந்தியிலிருந்து எடுத்த இந்த இரண்டு ஒலிகளையும் ஆங்கிலம் மட்டும் தெரிந்த பெரியவர்களுக்குப் போட்டுக் காட்டினால், இரண்டும் ஒன்றுதானே என்பார்கள். ஆங்கில வீட்டில் வளரும் ஆறு முதல் எட்டு மாதப் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டையும் பிரித்தறிந்தார்கள். பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் அந்தத் திறன் வடிந்துவிட்டது. ஒரு வயதுப் பிறந்தநாளுக்கு முன்பே பிள்ளை "இந்த வீட்டில் இந்த வித்தியாசத்துக்கு வேலையில்லை" என்று முடிவெடுத்துவிடுகிறது. உயிரொலிகளில் இந்த முடிவு இன்னும் முந்தி நடக்கிறது. ஆரம்பத்தில் சொன்ன அதே 'ஈ'யையும் அதே குவிந்த சுவீடிஷ் ஒலியையும் வைத்து கூலும் சுவீடன் ஆய்வாளர்களும் 1992இல் செய்த சோதனையில் ஆறு மாதப் பிள்ளைகளே தங்கள் மொழியின் உயிரொலியைச் சுற்றியுள்ள சிறு பிசகல்களைப் பொருட்படுத்தாமல், எல்லாம் ஒன்றே என்று எடுத்துக்கொண்டார்கள்.

திருகோணமலையில் இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போகவேண்டாம். 'ல'வும் 'ள'வும் எங்கள் பிள்ளைகளுக்கு வேறு. சிங்களத்தில் இரண்டுக்கும் எழுத்து இருந்தும் வாய்ப்பேச்சில் ஒன்றாகிவிட்டன. அந்த வீட்டுப் பிள்ளைக்கு அந்த வித்தியாசம் தேவைப்படாது. மறுபக்கம், மலைக்கும் அடிமரத்துக்கும் சிங்களத்தில் உள்ள சொற்கள் எங்கள் காதுக்கு ஒரே சொல்தான். நடுவில் வரும் மூக்கொலி ஒன்றில் முழுதாக நிற்கிறது, மற்றதில் தொட்டும் தொடாமலும் கடந்துபோகிறது. அலுவலகத்தில் முப்பது வருடம் சிங்களத்தில் வேலை செய்தவர்களும் இதில் தடுமாறுவதைப் பார்க்கலாம். சுவீடனுக்குப் போன தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு சின்ன அதிர்ஷ்டம். ஸ்டொக்ஹோம் பக்கத்துப் பேச்சில் 'ர'வுக்குப் பின்னால் 'ன', 'த' முதலியவை வந்தால் இரண்டும் சேர்ந்து நாக்கு வளைந்துவிடும். குழந்தை என்பதற்கான சுவீடிஷ் சொல்லைக் கேட்டால் கடையில் யாரோ பாண் கேட்கிறார் என்றுதான் தோன்றும்; கடைசி எழுத்து அச்சு அசல் நம் 'ண்'.

இரண்டு மொழி வீட்டுப் பிள்ளைக்குக் காது சற்றுத் தாமதமாகவே இப்படி ஒடுங்குகிறது. கண்ணும் உதவிக்கு வருகிறது. ஒலியே இல்லாமல், கதைக்கும் முகத்தை மட்டும் திரையில் காட்டினார்கள். நாலு, ஆறு மாதங்களில் பிள்ளைகள் அந்த முகம் ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மாறியதைக் கண்டுகொண்டார்கள். எட்டு மாதத்தில் இரண்டு மொழி வீட்டுப் பிள்ளைகளுக்கே அது முடிந்தது. 2007இல் வெளிவந்த இந்த ஆய்வும் வான்கூவரில் நடந்ததுதான். அப்பம்மாவின் உதட்டைப் பார்த்தே, இப்போது எந்த மொழி வரப்போகிறது என்று அறிகிற பிள்ளைகள் அவர்கள்.

சரி, திருகோணமலையில் அப்படிப்பட்ட வீடு எது? தமிழும் சிங்களமும் கலந்த கல்யாண வீடுகள் உண்டு. ஆனால் இந்த விஞ்ஞானத்தை முந்நூறு ஆண்டுக்கு மேலாகத் தங்கள் குசினியிலேயே நடத்திக்காட்டியவர்கள் ஐரோப்பிய வழிவந்த பறங்கியர். பாலையூற்றுப் பக்கமும் நகரிலும் வாழும் இந்தக் கத்தோலிக்கக் குடும்பங்கள் தச்சு, இரும்பு வேலை, இயந்திரத் திருத்தம், தையல் என்று கைத்தொழிலுக்குப் பெயர்போனவை. பூசை தமிழில், பள்ளிக்கூடம் தமிழில், கடைத்தெரு தமிழில். வீட்டுக்குள் மட்டும் வேறொன்று: இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோல் என்ற கலப்பு மொழி. மட்டக்களப்பிலும் இதே கதைதான்.

போர்த்துக்கேயர் திருகோணமலையில் கோட்டை கட்டியது 1624இல். 1639இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்துவிட்டார்கள். பதினைந்து வருட ஆட்சி. 1658க்குள் முழு இலங்கைக் கரையையுமே இழந்து அவர்கள் போய்விட்டார்கள். படையும் போய், கொடியும் போய், பள்ளிக்கூடமும் போனபிறகு மொழி மட்டும் எப்படி நின்றது? ஒல்லாந்தருக்கும் இது விளங்கவில்லை, எரிச்சலாகவும் இருந்தது. டச்சு பேசத் தெரியாத அடிமைகளின் தலையை மழிக்கவேண்டும் என்று 17ஆம் நூற்றாண்டில் கொழும்பில் உத்தரவே போட்டார்கள். பலிக்கவில்லை. ஒல்லாந்தருடைய சொந்தப் பிள்ளைகளே போர்த்துக்கேயத்தில் மழலை பேசி வளர்ந்தார்கள். காரணம் வெளிப்படையானது. தகப்பன் கச்சேரியில் டச்சில் உத்தரவு எழுதிக்கொண்டிருந்தான். பிள்ளையைக் குளிக்க வார்த்தவளும் சோறு ஊட்டியவளும் தாலாட்டியவளும் போர்த்துக்கேயம் கதைக்கிற ஆயா. தாயும் பெரும்பாலும் அந்த மொழிக்காரிதான். பிரித்தானியர் காலத்தில் ஆங்கிலத்துக்கு மாறும்வரை ஒல்லாந்தப் பறங்கியர் வீடுகளிலும் இந்தக் கிரியோல் புழங்கியது. 19ஆம் நூற்றாண்டில் வெஸ்லியன் மிஷனரிமார் புதிய ஏற்பாட்டை இதில் அச்சிடும் அளவுக்கு அது பரவியிருந்தது.

ஒரு பேரரசின் உத்தரவை ஓர் ஆயா எப்படித் தோற்கடித்தாள் என்பதற்கு 2003இல்தான் ஆய்வுகூடத்தில் விளக்கம் கிடைத்தது. கூல், ஃபெங்-மிங் சாவோ, ஹுவெய்-மெய் லியு ஆகியோர் ஒன்பது மாத அமெரிக்கப் பிள்ளைகளுக்குச் சீனம் கேட்கவைத்தார்கள். ஒரு குழுவுக்குச் சீனம் கதைக்கும் ஆள் நேரில் வந்து தரையில் உட்கார்ந்து, பொம்மை காட்டி, புத்தகம் வாசித்துக் கதைத்தார். பன்னிரண்டு அமர்வுகள், ஒவ்வொன்றும் அரை மணித்தியாலத்துக்குக் கிட்ட. முடிவில் அந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் இல்லாத ஒரு சீன ஒலி வேறுபாட்டை, தாய்வானில் வளர்ந்த பிள்ளைகள் அளவுக்கே பிரித்தறிந்தார்கள். இன்னொரு குழுவுக்கு அதே ஆட்கள், அதே பேச்சு, அதே நேரம், ஆனால் தொலைக்காட்சித் திரையில். பயன் பூச்சியம். சீனத்தைக் கேட்காமலே விட்ட பிள்ளைகளுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே இல்லை.

ஆக, ஒலி காதில் விழுவது மட்டும் போதாது. ஒருவர் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, பிள்ளை பார்க்கும் பொருளைப் பார்த்து, பிள்ளை ஒரு சத்தம் போட்டால் அதற்குப் பதில் சொல்லி, அந்த மொழியைக் கையோடு கொடுக்கவேண்டும். திருகோணமலையில் தமிழ்ப் பிள்ளை பிறந்ததிலிருந்து பஸ்ஸிலும் ரேடியோவிலும் தெருவிலும் சிங்களம் கேட்கிறது. பள்ளிக்கூடத்தில் பாடமாகப் படிக்கும்போது முதலாம் எழுத்திலிருந்து தொடங்குகிறது. சிங்களப் பிள்ளைக்குத் தமிழும் அப்படித்தான். அடுத்த வேலிக்கு அப்பால் மூன்று வயது வரை முழு மொழியும் இலவசமாகக் கிடந்தது. யாரும் அந்தப் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு அதில் கதைக்கவில்லை. மும்மொழிக் கொள்கை பற்றி இவ்வளவு சுற்றறிக்கை எழுதும் நாட்டில், முன்பள்ளிக்கு முந்திய இந்த மூன்று வருடத்தைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை என்பது எனக்குப் பெரிய அதிசயம்.

கிரியோலுக்குத் திரும்புவோம், ஏனென்றால் மிகச் சுவையான பகுதி இனித்தான். 1970களில் மட்டக்களப்பில் தங்கி இந்த மொழியை ஆராய்ந்த இயன் ஸ்மித் என்ற மொழியியலாளர், சொற்கள் பெரும்பாலும் போர்த்துக்கேயமாக இருந்தும் அவை கோக்கப்பட்ட நூல் தமிழாக இருப்பதைக் காட்டினார். லிஸ்பனில் வினைச்சொல் நடுவில் வரும், செயப்படுபொருள் பின்னால் வரும். பாலையூற்றில் வினைச்சொல் தமிழைப் போலக் கடைசியில் போய் உட்காரும். லிஸ்பனில் பெயருக்கு முன்னால் நிற்கும் சிறுசொல், இங்கே பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு நமது 'கு' உருபின் வேலையைச் செய்கிறது. அதே உருபு உயிருள்ளவற்றுக்கு 'ஐ'யாகவும் நிற்கிறது. சாமான்களுக்கு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. "மாட்டைப் பார்த்தேன்", ஆனால் "வீடு பார்த்தேன்" என்று நாம் சொல்வதை யோசித்துப் பாருங்கள். பசிப்பவர் "நான்" என்று தொடங்குவதில்லை, "எனக்கு" என்று தொடங்குகிறார். போர்த்துக்கல்லிலிருந்து வந்தவருக்குச் சொற்கள் ஒவ்வொன்றும் தெரிந்ததாக இருக்கும், வாக்கியம் பிடிபடாது. தமிழருக்கு நேர்மாறு: சொற்கள் பெரும்பாலும் தெரியாது, வாக்கியத்தின் நடை மட்டும் வீட்டுக்கு வந்தது போலிருக்கும்.

இது எப்படி நேர்ந்தது? இரண்டு மொழி தெரிந்தவரின் மூளையில் ஒன்றைப் பேசும்போது மற்றது அணைந்துவிடுவதில்லை. இரண்டும் எரிந்துகொண்டுதான் இருக்கும். வேண்டாததை அடக்கிப் பிடிக்க மூளை ஒவ்வொரு கணமும் உழைக்கவேண்டும். வாக்கிய அமைப்பு இரண்டிலும் ஒன்றாகிவிட்டால் உழைப்புக் குறைகிறது; சொல்லை மட்டும் மாற்றினால் போதும். ஒரு தலைமுறையில் ஒரு துளி மாற்றம். அதைக் கேட்டு வளரும் பிள்ளைக்கு அந்த மாற்றம் மாற்றமாகவே தெரியாது, அதுதான் மொழி. பத்துப் பன்னிரண்டு தலைமுறை இப்படிப் போனால் போர்த்துக்கேயச் சொற்கள் தமிழ் இலக்கணத்தில் நடக்கத் தொடங்குகின்றன. இந்தக் கிரியோலின் இலக்கணம், காலை எழுந்ததிலிருந்து படுக்கும்வரை இரண்டு மொழியில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான வாய்கள் விட்டுப்போன தடம். சொற்கள் எதிர்த் திசையிலும் வந்தன. கதிரையில் இருந்து பாண் சாப்பிட்டு, அலுமாரியில் சப்பாத்து எடுத்துப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற தமிழ்ப் பிள்ளையும் அந்த மொழியில் பாதி குளித்ததுதான்.

இவ்வளவு இருந்தும் "வீட்டில் இரண்டு மொழி கதைத்தால் பிள்ளை குழம்பிவிடும், பேச்சுப் பிந்திவிடும்" என்ற பயம் போகவில்லை. படித்தவர்களே ஆலோசனையாகச் சொல்கிறார்கள். மயாமியில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் கதைக்கும் வீட்டுப் பிள்ளைகளை ஆராய்ந்த பார்பரா பியர்சனும் குழுவினரும் இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தெளிவாக்கினார்கள். பிள்ளைக்குத் தெரிந்த சொற்களை ஒரு மொழியில் மட்டும் எண்ணினால், ஒற்றை மொழிப் பிள்ளையைவிடக் குறைவாக இருக்கக்கூடும். இரண்டு மொழியையும் சேர்த்து எண்ணினால் சமமாகிவிடும். சோப்பு, தண்ணீர், துவாய் எல்லாம் அம்மம்மா மொழியில். பென்சில், நிறங்கள், வரிசையில் நில் என்பதெல்லாம் பள்ளி மொழியில். பிள்ளையின் நாள் எப்படிப் பிரிந்திருக்கிறதோ அப்படியே அகராதியும் பிரிகிறது. கலந்து கதைப்பதும் குழப்பத்தின் அடையாளம் அல்ல. தெரியாத சொல்லின் இடத்தில் தெரிந்த சொல்லை வைத்துக் காரியத்தை முடிக்கிறது பிள்ளை, அதுவும் இலக்கணம் பிசகாமல். பெரியவர்கள் நாங்கள் ஒரு நாளில் எத்தனை ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் விகுதி போட்டு அனுப்புகிறோம் என்று எண்ணினால் பிள்ளையைத் திட்ட வாய் வராது.

இதே பியர்சன் கவனித்த இன்னொன்று கவலைக்குரியது. விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக ஒரு மொழியைக் கேட்ட பிள்ளைகள், அது விளங்கினாலும் அதில் வாய் திறக்கத் தயங்கினார்கள். பெல்ஜியத்தின் டச்சுப் பகுதியில் ஆனிக் டி ஹௌவர் ஏறக்குறைய 1,900 குடும்பங்களை விசாரித்து 2007இல் வெளியிட்ட கணக்கும் இதோடு பொருந்துகிறது. தாயும் தகப்பனும் வீட்டில் சிறுபான்மை மொழி மட்டும் கதைத்தால் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் அதைக் கதைத்தார்கள். இருவரும் பெரும்பான்மை மொழியும் கதைத்து, ஒருவர் மட்டும் கூடவே சிறுபான்மை மொழியும் கதைத்த வீடுகளில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டிய பிள்ளைகளே கதைத்தார்கள். பெரும்பான்மை மொழியோ, வீட்டில் என்ன கதைத்தாலும் எல்லாப் பிள்ளைக்கும் வந்து சேர்ந்தது. அதற்கு யாரும் உதவி செய்யத் தேவையில்லை.

பாலையூற்றில் இப்போது நடப்பது இதுதான். முதியவர்கள் தங்களுக்குள் கிரியோல் கதைக்கிறார்கள். பேரப்பிள்ளையிடம் திரும்பும்போது தமிழுக்கு மாறுகிறார்கள். பிள்ளை பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரனாக வரவேண்டும் என்ற நல்ல எண்ணத்தில். தமிழ்க் குடும்பத்தில் கல்யாணம் முடித்த வீடுகளில் மாற்றம் இன்னும் விரைவு. எந்த உத்தரவும் இல்லை, யாரும் யாருடைய தலையையும் மழிக்கவில்லை. மூதூர், வெருகல் பக்கத்துக் கரையோர வேடர்கள் ஏற்கனவே வீட்டிலும் தமிழே கதைப்பவர்கள். புத்தளத்தில் சிரம்பியடியில் வாழும் ஆப்பிரிக்க வழியினர் கிரியோலைச் சிங்களத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டார்கள். பாட்டுக்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. நாங்கள் தமிழைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அழிவின் விளிம்பில் நிற்கும் மொழியாகவே பேசிப் பழகிவிட்டோம். ஸ்டொக்ஹோமில் அது உண்மையாக இருக்கலாம். திருகோணமலையில் பறங்கிப் பிள்ளையின் ஏணைக்குப் பக்கத்தில் நிற்கும்போது சுவீடிஷ் நாங்கள்தான்.

ஸ்டொக்ஹோமில் தமிழ்ப் பிள்ளைக்கு என்ன நடக்கிறது? அங்கே ஒரு பிள்ளைக்கு 480 நாள் பெற்றோர் விடுப்பு, அதில் 90 நாள் தாய்க்கென்றும் 90 நாள் தகப்பனுக்கென்றும் ஒதுக்கியது. தகப்பன்மாருக்கும் சம்பளத்தோடு இந்த விடுப்பை 1974இல் முதன்முதல் கொடுத்த நாடு அது. தமிழ் வீட்டில் இதற்கு யாரும் எதிர்பாராத பலன் ஒன்று உண்டு. முதல் ஒரு வருடமும் அதற்கு மேலும் பிள்ளை முழுநேரமும் தமிழ்க் கையிலேயே இருக்கிறது. சோறு தீத்துவதும் அப்பா, நித்திரையாக்குவதும் அப்பா. ஒரு வயதில் முன்பள்ளி தொடங்குகிறது. பகல் முழுக்கச் சுவீடிஷ், பின்னேரம் களைத்துப்போன தாய்தகப்பனிடம் இரண்டு மணித்தியாலம் தமிழ். கணக்கு அங்கேதான் சரிகிறது. 1977இன் சீர்திருத்தம் முதல் பள்ளிக்கூடத்தில் வீட்டு மொழியைப் படிக்கும் உரிமை இருக்கிறது. நல்ல சட்டம். ஆனாலும் கிழமைக்கு ஒரு பாடவேளை என்பது, கேட்கும் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு என்ற அந்த எல்லைக்குக் கிட்டவும் வராது.

அதே சுவீடிஷ் பக்கத்து நாடான பின்லாந்தில் சின்ன மொழி. சனத்தொகையில் ஏறக்குறைய 5 சதவீதம் பேரின் தாய்மொழி. அங்கே சுவீடிஷ் தாய்க்கும் பின்னிஷ் தகப்பனுக்கும் பிறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோரை இன்று சுவீடிஷ் மொழியினராகவே பதிவுசெய்கிறார்கள். ஒருகாலத்தில் இது நேர்மாறாக இருந்தது. வேறுபாடு பிள்ளைகளின் காதில் இல்லை. சுவீடிஷில் பிள்ளை பராமரிப்பு நிலையம், சுவீடிஷில் பள்ளிக்கூடம், சுவீடிஷில் வானொலி என்று வீட்டுக்கு வெளியிலும் அந்த மொழியில் பிள்ளையோடு கதைக்கச் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கிறார்கள். தகப்பன் பின்னிஷை விட்டுக்கொடுக்கவேண்டியதில்லை. தாய் தனியே சுமக்கவேண்டியதுமில்லை.

கேட்காமல் விட்ட மொழி முழுதாகப் போய்விடுமா என்பது கடைசிக் கேள்வி. சின்ன வயதில் கொரியாவிலிருந்து நெதர்லாந்துக்குத் தத்துப் போய், டச்சு மட்டும் கதைத்து வளர்ந்து, முப்பது வயதைத் தொட்டவர்களை ஜியுன் சோயி, அன் கட்லர், மிர்யாம் பிரூர்ஸ்மா ஆகியோர் சோதித்தார்கள். அவர்களுக்குக் கொரிய மொழியில் ஒரு சொல்லும் ஞாபகமில்லை. டச்சுக்காரர் வாயில் வராத மூன்று வகைக் கொரிய மெய்யொலிகளை அவர்களுக்கும் டச்சுக்காரருக்கும் இரண்டு கிழமை பயிற்றினார்கள். தத்துப் போனவர்கள் டச்சுக்காரரைவிட நன்றாக முன்னேறினார்கள். மூன்று முதல் ஐந்து மாதத்தில் கொரியாவை விட்டவர்களும், ஒன்றரை வயதுக்குக் கிட்டவோ அதற்குப் பிறகோ விட்டவர்களும் ஒரே மாதிரி. ஒரு சொல் கூட வாயில் வருவதற்கு முந்திய அந்தச் சில மாதக் கேள்வி முப்பது வருடம் உள்ளே கிடந்திருக்கிறது. 2017இல் இது வெளிவந்தது.

லிஸ்பன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹியூகோ கார்டோசோவும் குழுவினரும் அண்மை ஆண்டுகளில் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் கிரியோல் பேச்சையும் பாட்டையும் பதிவுசெய்து, அருகிவரும் மொழிகளுக்கான ஆவணக்காப்பகத்தில் சேர்த்திருக்கிறார்கள். இணையத்தில் கேட்கலாம். தமிழ் மட்டுமே கதைக்கத் தெரிந்த பாலையூற்று இளைஞர் ஒருவர், கையில் வைத்திருந்த காலத்தில் அப்பம்மா அவரோடு கிரியோலில் கதைத்திருந்தால், அந்தப் பதிவுகளில் வரும் ஒலிகளை மற்றவர்களைவிடச் சுறுக்காகப் பிடித்துக்கொள்ளக்கூடும். சொற்களை அவர் புதிதாகத்தான் படிக்கவேண்டியிருக்கும். வாக்கியம் ஏற்கனவே தெரியும், அது தமிழ்தானே.